கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரிகள்

கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் இணைய நிறுவனங்கள் சில நொடிகளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எப்படிச் சொல்லிவிடுகின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிறருடைய அட்டை எண்ணில் பொருள் வாங்குவோரையும், ஒரே ஆள் பல பெயர்களில் கணக்குத் தொடங்குவதையும் தடுக்கத்தான் ஆவணம் கேட்கிறார்கள். முதலில் அதைப் பார்ப்பது பெரும்பாலும் மென்பொருளே. அது முகத்தை செல்ஃபியோடு ஒப்பிடுவது பலரும் அறிந்தது என்பதால், அதிகம் கவனிக்கப்படாத இடத்துக்கு வருவோம்.

கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள் இருக்கும். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இந்த வடிவத்தில், ஆவண எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம் வரும். 1974 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தவரின் தேதி 740812 என்று அச்சாகும். அந்த இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கினால் 49, 12, 0, 56, 3, 2 கிடைக்கின்றன, கூட்டுத்தொகை 122, அதைப் பத்தால் வகுத்தால் மீதி 2. அந்த 2 தான் தேதிக்கு அடுத்து நிற்க வேண்டிய இலக்கம்.

ஏன் 7, 3, 1? இம்மூன்றுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது. ஆகவே ஓர் இலக்கம் வேறோர் இலக்கமாக மாறினால் மீதியும் மாறியே தீரும். ஒற்றை இலக்கப் பிழை ஒன்றுகூடத் தப்பாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கதை வேறு. 7, 3, 1 ஆகியவற்றுக்கு இடையிலான வித்தியாசங்கள் 4, 2, 6 என்று இரட்டைப்படையாகவே இருப்பதால், 1, 6 போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் சோதனைக்குத் தெரியாது. பத்தோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எல்லாமே ஒற்றைப்படை என்பதால், எந்த எண்களைத் தேர்ந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. 1969இல் நெதர்லாந்துக் கணிதவியலர் வெர்ஹோஃப், ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் கிடைக்கும் ‘குலம்’ (group) என்ற கணித அமைப்பைக் கொண்டு அதை அடைத்தார். வெறும் அழகுக்காகப் படிக்கப்படுவதாகத் தோன்றும் கணிதத்துக்கு ஏன் நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

ஆங்கில எழுத்துகளுக்கு ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று தொடங்கி இசட்டுக்கு 35 வரை மதிப்பு உண்டு. ஓ என்ற எழுத்தைப் பூச்சியம் என்று கேமரா தவறாகப் படித்தால் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும், ஏனெனில் ஓவின் மதிப்பு 24. ஆனால் ஜியின் மதிப்பு 16. அதையும் 6ஐயும் பத்தால் வகுத்தால் ஒரே மீதிதான் வரும். பார்வைக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் இச்சோதனை பிரித்தறியாது.

இது பிழையைப் பிடிக்கும் கணக்கே அன்றி மோசடியைப் பிடிப்பதன்று. விதி வெளிப்படையானது என்பதால், தேதியை மாற்றுபவர் சரிபார்ப்பு இலக்கத்தையும் மாற்றிவிடலாம். அதை மறந்துவிடும் அவசரக்காரர்களே அகப்படுவார்கள். வலுவான சான்று மின்னணுக் கடவுச்சீட்டின் சில்லில் (சிப்) இருக்கிறது. அதிலுள்ள தகவல்களுக்கு, வழங்கிய நாடு தன் இரகசியத் திறவுகோலால் மின்கையொப்பம் இட்டிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. அந்தத் திறவுகோல் இல்லாமல் புதிதாகக் கையொப்பமிடவும் இயலாது. பல கைபேசிகளால் இந்தச் சில்லைப் படிக்க முடியும். அதைத் திறக்கும் பழைய முறையில் சாவி உருவாவதும் ஆவண எண், இரண்டு தேதிகள், அவற்றின் சரிபார்ப்பு இலக்கங்கள் ஆகியவற்றிலிருந்துதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

இப்படியொரு வழி இருக்கும்போது, எவரும் திருத்தக்கூடிய படத்தை வாங்கிச் சேமித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது என்பது என் கருத்து. வயதை மட்டும் அறிய வேண்டிய நிறுவனத்துக்கு முகவரியோ ஆவண எண்ணோ தேவையில்லை. பார்த்து முடித்த படத்தை வைத்திருக்கவும் தேவையில்லை. 2025 அக்டோபரில், தங்கள் பயனர்களில் சுமார் 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகக் கசிந்திருக்கக்கூடும் என்று இணைய அரட்டைத் தளமான டிஸ்கார்ட் அறிவித்தது. வயதுச் சரிபார்ப்பின் முடிவை மறுத்து முறையிட்டவர்கள் அனுப்பிய படங்களும் அவற்றில் இருந்தன.