மலிவான ரைபிள் ஆயிரம் யார் தூரத்தில் எப்படிக் குறி தவறாமல் சுடுகிறது?

ஏ9 வீதியில் ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லைப் பார்த்தால் தெரியும் தூரத்தைவிடச் சற்றே குறைவானது, நீண்டதூரக் குறிசூட்டுப் போட்டிகளின் 1000 யார் தூரம், அதாவது 914 மீற்றர். நல்ல போட்டிச் சன்னம் ஒன்று அதைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் எடுக்கும். விலையுயர்ந்த ரைபிளிலிருந்து புறப்பட்டாலும் மலிவான ரைபிளிலிருந்து புறப்பட்டாலும் குழல்வாயைத் தாண்டிய சன்னத்தை ஆள்வன புவியீர்ப்பும் வளியுமே என்பதால், துவக்குக்குக் கொடுக்கும் பணம் எதை வாங்குகிறது, எதை வாங்குவதில்லை என்ற கேள்விக்கு விடையை முதலில் அந்த ஒன்றரைச் செக்கனுக்குள்தான் தேட வேண்டும்.

வன்னியில் சட்டப்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துவக்கு பெரும்பாலும் பயிர்க்காவலுக்கான சொட்கன் ஆகும். அதற்கான அனுமதிப்பத்திரம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அதன் குழலின் உட்புறம் வழவழப்பானது. அதிலிருந்து சிதறும் சிறு குண்டுகள் சில பத்து மீற்றருக்கு அப்பால் பயனற்றுப்போகும். ரைபிள் விளையாட்டு இங்கே நடைமுறையில் இல்லை. ஆனால், கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம்மவர்கள் அந்நாடுகளின் சூட்டுக் கழகங்களில் சேர்ந்தால், கைக்கு அடக்கமான விலையில் எதை வாங்கலாம் என்ற கேள்வி அவர்களுக்கு எழுவது இயல்பே. கடதாசி இலக்கையும் உருக்குத் தகட்டையும் சுடும் அந்த விளையாட்டின் இயற்பியலை மட்டுமே இக்கட்டுரை பேசுகிறது.

சன்னத்துக்குப் பெரிய எதிரி புவியீர்ப்பு என்றே பலரும் நினைப்பர். உண்மையில் வளியின் தடை அதைவிட மிகப் பெரியது. 6.5 கிரீட்மோர் வகைத் தோட்டாவின் 9 கிராம் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 826 மீற்றர் வேகத்தில் புறப்படும்போது, அதன்மீது தொழிற்படும் வளித்தடை அதன் எடையைப்போல் ஏறக்குறைய 40 மடங்காகும். இத்தடை எவ்வளவு பெரிதென்பதை முதலில் அளந்து காட்டியவர், சன்னத்தை ஊசலில் மோதவிட்டு வேகத்தைக் கணித்த ஆங்கிலேயக் கணிதர் பெஞ்சமின் ரொபின்ஸ் ஆவார். 1742இல் தம் முடிவுகளை வெளியிட்ட அவர், பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகத் தமிழகம் வந்து, 1751இல் கடலூரின் சென் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

புவியீர்ப்பால் வரும் வீழ்ச்சி பெரிதுதான். 100 யாரில் குறி சரிசெய்யப்பட்ட ரைபிளிலிருந்து மேற்சொன்ன சன்னம் 1000 யாரில் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 8 மீற்றர் கீழே போயிருக்கும். ஆயினும் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழுவதால், கணித்து, ரைபிளின்மேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகைத் திருப்பி ஈடுசெய்துவிடலாம். காற்று அப்படியன்று.

குறுக்குக் காற்று சன்னத்தை எவ்வளவு தள்ளும் என்பதைக் கணிக்க, காற்றின் வேகத்தைப் பறக்கும் நேரத்தால் பெருக்கினால் போதும் என்று தோன்றும். அந்தக் கணக்கில் மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று ஒன்றரைச் செக்கனில் ஏறத்தாழ 7 மீற்றர் தள்ள வேண்டும். உண்மையில் சன்னம் விலகுவது சுமார் 1.9 மீற்றர் மட்டுமே. சுழலும் சன்னம் தன் மூக்கை எதிர்வரும் வளியோட்டத்தை நோக்கிச் சற்றே திருப்பிக்கொள்கிறது; அதனால் அதைப் பின்னிழுக்கும் தடையின் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் இழுக்கத் தொடங்குகிறது. ஆகவே காற்று தள்ளுவது பறக்கும் நேரம் முழுவதற்கும் அன்று, வளித்தடையால் சன்னம் இழந்த நேரத்துக்கு மட்டுமே. வெற்றிடத்தில் 1.1 செக்கனில் போயிருக்க வேண்டிய சன்னம் வளியில் 1.5 செக்கன் எடுத்தால், காற்றின் வேகத்தை அந்த 0.4 செக்கனால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். எறிகணையியலின் மிக அழகான சூத்திரம் இதுவே என்பது என் கருத்து. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் 168 கிரெயின் (ஏறத்தாழ 11 கிராம்) சன்னத்தை அதே காற்று ஏறத்தாழ 2.7 மீற்றர் தள்ளும். புறப்படும் வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், வளியைக் கிழித்துச் செல்லும் ஒல்லியான வடிவம் கிரீட்மோர் சன்னத்துக்கே உண்டு.

வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட வெளியில் நின்றவர்களுக்கு, காற்று ஒரே சீராக வீசுவதில்லை என்று சொல்லத் தேவையில்லை. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் ஒருவர் நேர் வடக்கு நோக்கிச் சுட்டால், காற்றின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு குறுக்காகவும் அதே அளவு பின்னிருந்தும் செயற்படும். சுடுநருக்கு அருகில் வீசும் காற்று, இலக்கருகே வீசும் அதே காற்றைவிட அதிகம் கெடுக்கும். தொடக்கத்தில் ஏற்படும் சிறு கோணம் மீதித் தூரம் முழுவதும் விரிந்துகொண்டே போவதே காரணம். தேர்ந்த சுடுநர்கள் தொலைநோக்கிக்குள் தெரியும் கானலின் சாய்வைப் பார்த்தே காற்றை மதிப்பிடுகிறார்கள். இந்தக் கண்ணை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

புவியின் சுழற்சியும் தன் பங்குக்கு விலகலைத் தருகிறது. 1000 யாரில், 45 பாகை அகலாங்கை ஒட்டிய ஒட்டாவாவில் சன்னம் வலப்பக்கமாக ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் ஒதுங்கும்; 9 பாகையை ஒட்டிய கிளிநொச்சியில் அதே சூடு 2 சென்ரிமீற்றர்கூட ஒதுங்காது. மாறாக, கிழக்கு நோக்கிச் சுட்டால் சன்னம் சற்று உயரப்போகும் விளைவு இங்கே ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், அங்கே 7. ஆரம்பநிலைச் சுடுநர் இதையெல்லாம் மறந்துவிடலாம். காற்றை மதிப்பிடுவதில் அவர் விடும் பிழை இதை முற்றாக விழுங்கிவிடும்.

இனி ரைபிளுக்கு வருவோம். நுண்மையை அளக்கும் அலகு கலை, அதாவது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. அது 100 மீற்றரில் 29 மில்லிமீற்றர், 900 மீற்றரில் 26 சென்ரிமீற்றர். ஒரு கலைக்குள் சூடுகளை அடக்கும் ரைபிள் ஒரு தலைமுறைக்கு முன் கைவினைஞரின் வேலையாகக் கருதப்பட்டது. இன்று தொழிற்சாலையிலிருந்து நேரே வரும் நடுத்தர விலை ரைபிள்களே நல்ல தோட்டாவுடன் அதை எட்டுகின்றன. அதற்கு உற்பத்தி முறையே காரணம். குளிர்நிலைச் சம்மட்டி இயந்திரம், உள்ளே வைத்த கடின அச்சின்மீது உருக்குக் குழலைச் சில நிமிடங்களில் அடித்து ஒடுக்கி, சுருள் தவாளிப்புகளைப் பதித்துவிடுகிறது. இயந்திரத்தின் விலை மிக அதிகம், ஒரு குழலுக்கு ஆகும் செலவோ குறைவு. பின்லாந்தின் டிக்கா ரைபிள்களின் குழல்கள் இவ்வாறு செய்யப்படுபவை.

அமெரிக்காவின் சவேஜ் நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. தோட்டா, குழலின் பின்முனையிலுள்ள அறையில் எவ்வளவு இடைவெளியுடன் அமர்கிறது என்பது நுண்மைக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படை. பிற துவக்குகளில் குழலின் தோள்பகுதியை மிகத் துல்லியமாகக் கடைந்து அந்த இடைவெளியைப் பெறுவர். 1958இல் வந்த சவேஜ் 110இல் குழலை மரையில் ஓட்டி, அளவுகோல் சரியென்று காட்டும் இடத்தில் ஒரு நட்டால் இறுக்கிவிடுகிறார்கள். துல்லியமாகக் கடைய வேண்டிய செலவு அங்கே மிச்சமாகிறது, நுண்மை குறைவதில்லை.

குழலுக்குள் தவாளிப்பு எவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறது என்பதைக் கடையில் கேட்டே வாங்க வேண்டும். 6.5 மில்லிமீற்றர் குழல்களில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழமை. 826 மீற்றர் வேகத்தில் அது சன்னத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,40,000 தடவை சுழற்றுகிறது. நீண்ட சன்னத்துக்கு நெருக்கமான சுற்று வேண்டும். இல்லாவிட்டால் அது நிமிர்ந்து பறக்காது. மலிவு ரைபிளில் உண்மையில் பார்க்க வேண்டிய குறை குழலைத் தாங்கும் அதன் பிளாஸ்டிக் கட்டையாகும். முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டால் குழல் ஒவ்வொரு சூட்டிலும் வெவ்வேறாக அதிரும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு கடதாசித் துண்டைத் தடங்கலின்றி இழுக்க முடிந்தால் நல்லது. கட்டையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இந்தக் குறைக்காக நல்ல குழலை ஒதுக்கத் தேவையில்லை.

விற்பனையாளர் காட்டும் மூன்று சூட்டுக் கொத்தை நான் நம்புவதில்லை. எந்தச் சாதாரணத் துவக்கும் அதிர்ஷ்டவசமாக மூன்று துளைகளை நெருக்கமாக இடும். சூடுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கொத்து விரியும் என்பது புள்ளியியலின் எளிய விதி. பத்துச் சூடுகளுக்குக் குறைந்த கொத்தை வைத்து இரு ரைபிள்களை ஒப்பிடுவது வீண்.

தோட்டாவின் சீர்மையோ கட்டாயம் பணம் செலவழிக்க வேண்டிய இடம். இரு தோட்டாக்களின் வேகம் செக்கனுக்கு 9 மீற்றர் வேறுபட்டால், 1000 யாரில் ஒன்று மற்றையதைவிட ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் கீழே போய் விழும். அந்தப் பிழையை எந்த ரைபிளும் திருத்தாது. தொலைநோக்கியில் திருகு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நகர்ந்து, திருப்பினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். உருப்பெருக்கம் அதற்கு அடுத்தது. ரைபிளுக்கு ஒதுக்கிய அளவு பணத்தைத் தொலைநோக்கிக்கும் ஒதுக்கினால் தவறில்லை.

சுவிற்சர்லாந்துக் குடியுரிமை பெற்று அங்கே வாழ்பவருக்கு மேலும் மலிவான வழி உண்டு. அந்நாட்டு இராணுவத்துக்காக 1958 வரை தயாரிக்கப்பட்ட கே31 என்ற 7.5 மில்லிமீற்றர் ரைபிள், அங்குள்ள கழகங்களின் வழமையான தூரமாகிய 300 மீற்றருக்கு இன்றும் போதுமானது. கனடாவில் 1000 யார் போட்டிக்கு ஆசைப்படுபவர் 6.5 கிரீட்மோர் அறையுள்ள டிக்காவையோ சவேஜையோ யப்பானின் ஹோவாவையோ எடுக்கலாம். அதற்குமுன் பாதுகாப்புப் பயிற்சி முடித்து அந்நாட்டு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். நான் சிபாரிசு செய்வது முதலில் .22 அங்குலச் சிறு தோட்டாவைச் சுடும் ஒரு நல்ல ரைபிளையே. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறக்கும் அதன் சிறு சன்னம் 200 யாரிலேயே ஒரு மீற்றருக்கு மேல் வீழ்ந்து, மெல்லிய காற்றுக்கும் விலகுவதால், 1000 யாரில் கற்க வேண்டிய கணக்கையும் கானல் பார்வையையும் மிகக் குறைந்த தோட்டாச் செலவில் அங்கேயே பழகிவிடலாம்.