நியூயார்க் மருத்துவர்கள் அவ்வளவு மோசமா?

அமெரிக்காவில் மருத்துவக் கவனக்குறைவுக்காக இழப்பீடு கொடுக்கப்படும் விகிதம் நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் அதிகம் என்கிறார்களே, அங்கே சிகிச்சை அவ்வளவு மட்டமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

கணக்கு வருவது 1990 முதல் இயங்கும் கூட்டாட்சி அரசின் தரவு வங்கியிலிருந்து. மருத்துவர் சார்பில் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் அங்கே பதிவாக வேண்டும். ஆனால் மருத்துவமனையே பணத்தைக் கட்டி, மருத்துவரின் பெயரை வழக்கிலிருந்து நீக்கச் செய்துவிட்டால் அவர் பெயரில் பதிவு விழாது. பெரிய மருத்துவமனைகளின் ஊழியர்களாக மருத்துவர்கள் இருக்கும் ஊர்களில் இந்த ஓட்டை பெரிது.

ஆனால் என்னை மிகவும் ஈர்ப்பது, எந்தத் தவறு வழக்காகும் என்பதைத் தீர்மானிக்கும் கலிபோர்னியாவின் வடிகட்டிதான். 1975இல் அந்த மாநிலம், வலிக்கும் மனவேதனைக்கும் தரும் இழப்பீட்டுக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. இழந்த சம்பளத்துக்கும் சிகிச்சைச் செலவுக்கும் வரம்பில்லை. 2022 வரை வழக்கறிஞர் கட்டணத்துக்கும் ஒரு படிக்கட்டு இருந்தது: முதல் 50,000க்கு 40 சதவீதம், அடுத்த 50,000க்கு மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் 6,00,000 வரை 25 சதவீதம். வென்றால்தான் கட்டணம்.

அந்த விதிகள் இருந்த காலத்தில், தவறான சிகிச்சையால் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இறந்துபோனதாக வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளமில்லை, ஆகவே வலி வேதனைத் தொகைதான் வழக்கின் பெரும்பகுதி. முழு வரம்பும் கிடைத்தால்கூட அதில் வழக்கறிஞருக்குச் சேர்வது சுமார் 74,000 டாலர். அதற்காக அவர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். மருத்துவ நிபுணர்களின் சாட்சியத்துக்குத் தன் கையிலிருந்து பணம் போட வேண்டும். தோற்றால் அத்தனையும் போச்சு. கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடிவிடுகிறார். அதே தவறு நாற்பது வயதுப் பொறியாளருக்கு நேர்ந்திருந்தால், வரம்பில்லாத சம்பள இழப்பே வழக்கைத் தாங்கியிருக்கும். நியூயார்க்கில் இந்த உச்சவரம்பே கிடையாது. பென்சில்வேனியாவில் அப்படி ஒன்றை வைக்க மாநில அரசியல் சட்டமே தடை.

கலிபோர்னியாவின் வரம்பு 2022 வரை ஒரு டாலர்கூட ஏறவில்லை. விலைவாசியால் அதன் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வடிகட்டியின் கண்ணை யாரும் தொடவில்லை. அது தானாகவே சிறுத்துக்கொண்டே வந்தது! 2023இல்தான் மரண வழக்குகளுக்கு 5,00,000, மற்றவற்றுக்கு 3,50,000 என்று உயர்த்தி, ஆண்டுதோறும் ஏறவும் வழி செய்தார்கள்.

தவறு எவ்வளவு நடக்கிறது என்பதை அறிய நோயாளிகளின் கோப்புகளைத்தான் படிக்க வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். நியூயார்க் மருத்துவமனைகளின் 1984ஆம் ஆண்டுக் கோப்புகள் சுமார் 30,000ஐ முதலில் செவிலியரும் பதிவேட்டுப் பணியாளரும் சலித்தெடுக்க, பிறகு மருத்துவர்கள் படித்தார்கள். கவனக்குறைவால் நேர்ந்த பாதிப்புகளில் நூற்றுக்கு இரண்டுகூட வழக்காகவில்லை என்று தெரிந்தது. வழக்குகளுக்குப் பேர்போன நியூயார்க்கிலேயே இந்த நிலை. என்னைக் கேட்டால், இலவசமாகக் கிடைக்கும் தரவு வங்கிக் கோப்பை வைத்து இன்னொரு மாநிலத் தரவரிசை போடுவதைவிட, அலுப்பூட்டும் இந்த வாசிப்புக்குத்தான் ஆராய்ச்சி நிதி போக வேண்டும்.