செத்துப்போன செடியையும் எழுதி வையுங்கள்

சமூகத் தோட்டங்களுக்குப் பல ரக விதைகளைக் கொடுத்து, அவை எப்படி வளர்ந்தன என்ற விவரத்தைக் கேட்டு வாங்குவது என் வேலை. விதையை எல்லோரும் ஆசையாக வாங்கிக்கொள்கிறார்கள். விவரம்தான் பாதிக்குமேல் வந்து சேர்வதில்லை. ஒரு முறை ஒரு அம்மாவிடம் காரணம் கேட்டேன். "எல்லாம் செத்துப்போச்சு, இதுல எழுத என்ன இருக்கு?" என்றார்.

இருந்தது. நாற்று நான்கு இலை விட்டபோது பெருமழை. பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. அவர் நட்ட மூன்று பீன்ஸ் ரகங்களில் இரண்டு உடனே அழுகிவிட்டன. மூன்றாவது மட்டும் மேலும் நான்கு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த நான்கு நாள்தான்.

நான் கொடுப்பது ஆளுக்கு மூன்று ரகம், பொட்டலத்தில் பெயர் இருக்காது. எடை போட வேண்டாம், அளக்க வேண்டாம். மூன்றில் எது நன்று, எது மோசம் என்று சொன்னால் போதும். 'டிரைகாட்' எனப்படும் இந்த முறையில் நிகரகுவாவில் பீன்ஸையும், எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் கோதுமையையும் விவசாயிகளின் 12,000-க்கும் மேற்பட்ட சோதனைப் பாத்திகளில் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. எந்தப் பருவநிலைக்கு எந்த ரகம் என்ற பரிந்துரையை அந்தச் சின்னச் சின்ன ஒப்பீடுகளே மேம்படுத்தின.

1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழி மரபைக் கொண்டிருந்தது. ஒரு பூஞ்சை நோயில் சுமார் 15 சதவீத விளைச்சல் போனது. ரகங்கள் பல இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008-இல் திறந்த விதைப் பெட்டகம் விதைகளைக் காக்கிறது, சரி. ஆனால் உறைகுளிரில் கிடக்கும் விதை புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் சந்திப்பதில்லை. தோட்டத்து விதை சந்திக்கிறது.

விதை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பூசணி அப்படியல்ல, பக்கத்துப் பாத்தி மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடும். அதனால், மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின மாலையே விரியாதபடி தனித்தனியாகக் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டுங்கள். காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூல். விதைக்கு அந்தக் காய் மட்டும்தான்.

கட்ட மறந்துவிட்டீர்களா? விதையைத் தாராளமாகக் கொடுங்கள். பொட்டலத்தின் மேல் 'கட்டவில்லை' என்று மட்டும் எழுதிவிடுங்கள்.