தண்ணீரை ஏமாற்றினால்தான் பாஸ்பேட் ஒட்டும்

நம் செல்களுக்குள் ஒவ்வொரு நொடியும் நடக்கும் வேலை இது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசியைக் கழற்றி, புரதத்தில் உள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) நுனியில் கைனேஸ் என்ற நொதி மாட்டிவிடுகிறது. அந்த இடத்தில் எதிர்மின்சுமை ஏறியதும் புரதத்தின் வடிவம் மாறும்; அது வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். உடலின் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் நொதி இப்படித்தான் முடுக்கிவிடப்படுகிறது என்று 1950-களில் சியாட்டிலில் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நொதியே இல்லாமல் குடுவையில் இதைச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் தண்ணீர் குறுக்கே நிற்கும்.

புரதம் கரைந்திருப்பது தண்ணீரில். வினைபுரியத் தயாரான ஹைட்ராக்சில் தண்ணீரிலும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 55 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) தண்ணீர் மூலக்கூறுகள். கரைந்த புரதமோ அதில் ஆயிரத்தில் ஒரு மோல் இருந்தாலே அதிகம். பாஸ்பேட்டைக் கொடுக்கத் துடிக்கும் எந்தப் பொருளைப் போட்டாலும் கூட்டத்தில் முந்திக்கொள்வது தண்ணீர்தான். கைனேஸ் இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. ஏடிபியையும் புரதத்தையும் தன் பிளவுக்குள் வாங்கி, வாயை மூடி, தண்ணீரை வெளியே நிறுத்திவிடுகிறது.

வேதியியலாளரின் பழைய முறையில் அந்த நளினம் கிடையாது. பனிக்கட்டியில் வைத்த புரதக் கரைசலில் பாஸ்பேட்டைக் கொடுக்கும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பெரும்பகுதி தண்ணீரிடம் வீணாகும். சூடு கிளம்பும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், காரம் விட்டு அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மிஞ்சியதும் செரினா, லைசின் என்ற வேறோர் அமினோ அமிலமா என்று பார்த்து ஒட்டாது. சில சமயம் இரண்டு புரதங்களைச் சேர்த்துத் தைத்தே விடும்.

இவ்வளவு பாடு எதற்கு? பாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கேசின் புரதத்தில் இயல்பாகவே பாஸ்பேட்டுகள் கொத்துக் கொத்தாக உண்டு. கால்சியத்தைப் பிடித்து வைப்பவை அவைதான். சோயா, முட்டை வெள்ளைக்கரு போன்றவற்றுக்கும் அப்படிப்பட்ட குணங்கள் வர வேண்டும் என்று உணவு அறிவியலாளர்கள் விரும்பினார்கள். ஜப்பானில் ஒரு குழு தண்ணீரையே அப்புறப்படுத்திப் பார்த்தது. வெள்ளைக்கருப் புரதத்தைப் பைரோபாஸ்பேட்டுடன் (இரண்டு பாஸ்பேட்டுகள் இணைந்த பொருள்) கலந்து, உலர்த்திப் பொடியாக்கி, 85 டிகிரி செல்சியஸில் நாள்கணக்கில் வைத்தார்கள். போட்டிக்குத் தண்ணீர் இல்லை, பாஸ்பேட் ஒட்டியது. எனக்குப் பிடித்த முறை இதுதான். அப்பளம் காயவைப்பது போல அவ்வளவு எளிமை.

உணவுக்கு இது போதும். ஆனால் ஒரே ஒரு குறிப்பிட்ட செரினில் பாஸ்பேட் வந்தால் புரதம் என்ன ஆகும் என்று அறிய விரும்புபவருக்கு எங்கெங்கோ ஒட்டிய கலவையால் பயனில்லை. அவர்கள் ஒட்டுவதையே கைவிட்டு, பாஸ்பேட் ஏற்கெனவே ஏறிய செரினை வைத்து, 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு அறிமுகப்படுத்திய முறையில் அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோக்கிறார்கள். இந்தக் கோப்புக்குத் தண்ணீர் தேவையில்லை, கரிமக் கரைப்பான் போதும். ஐம்பது மணிகளைத் தாண்டினால் கை தடுமாறும் என்பதால் அந்தத் துண்டை, பாக்டீரியாவில் விளைவித்த மீதிப் புரதத்துடன் இணைத்துவிடுவார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் டேவிஸின் குழு வேறு வழியாகப் போனது. வேண்டிய இடத்தில், கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீனை வைத்துப் புரதத்தைத் தயாரித்து, அதன் கந்தகத்தைப் பிடுங்கிவிட்டால் அங்கே ஓர் இரட்டைப் பிணைப்பு உருவாகும். தண்ணீர் அதைச் சட்டை செய்யாது. தயோபாஸ்பேட்டில், அதாவது கந்தகம் சேர்ந்த பாஸ்பேட்டில், உள்ள கந்தகமோ தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இயற்கையான பாஸ்போசெரினில் (பாஸ்பேட் ஏறிய செரின்) ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இங்கே கந்தகம் நிற்கிறது. ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்தான். ஒரு தொல்லை மட்டும் உண்டு. கந்தகம் அந்தப் பிணைப்பின் இரு பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால், இயற்கைப் புரதத்தில் உள்ள இடக்கை வடிவமும் அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவமும் கலந்தே குடுவையில் கிடைக்கின்றன.