முதலில் கழிப்பறை, அப்புறம் செல்ஃபி பாயின்ட்

போன வாரமும் ஒரு அழைப்பு. "சார், எங்க ஊர் அருவிக்குக் கூட்டம் வர்ற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்க. முகப்புல ஒரு வளைவு, பெரிய எழுத்துல ஊர்ப் பேரு, பக்கத்துல ஒரு இதயம், அவ்ளோதான்." கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்." வண்டி எங்கே நிறுத்துவார்கள்? "ரோட்டோரமா விட்டுக்குவாங்க சார்." போன சீசனில் எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை.

பூங்கா, ஏரிக்கரை, மலைப்பாதை போன்ற திறந்தவெளிகளை வடிவமைப்பது என் தொழில். இந்த உரையாடலை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றி எத்தனையோ முறை நடத்திவிட்டேன். இனி யாராவது கூப்பிட்டால் இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வடிவமைப்பு என்றால் அலங்காரம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. பேவர் பிளாக், எவர்சில்வர் கைப்பிடி, கலர் கலராய் மாறும் எல்இடி விளக்கு, சிமென்டில் செய்த மரக்கட்டை, சிமென்டில் செய்த மான். நிஜ மரமும் நிஜ மானும் இருக்கிற காட்டின் வாசலில் எதற்கு சிமென்ட் மான்? செல்ஃபி பாயின்டைப் பார்த்துக் கூட்டம் வரும் என்கிறார்கள். வரும், முதல் மாதம் வரும். படம் எடுத்துப் போட்டதும் அந்த இடத்தில் அவர்களுக்கு வேலை முடிந்தது. குடும்பத்தோடு வந்தவர்கள் இரண்டாம் முறை வருவதும் வராததும் வேறு விஷயங்களைப் பொறுத்தது: பாட்டிக்கு உட்கார இடம் இருந்ததா, குளித்த பெண்கள் உடை மாற்ற மறைவிடம் இருந்ததா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா. நம்பாவிட்டால் டெம்போ டிராவலர் ஓட்டுநர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது, எதைத் தாண்டிப் போய்விடுவது என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவருடைய பட்டியலில் முதலில் இருப்பது கழிப்பறை, இரண்டாவது நிழல். ஊர்ப் பெயர் எழுதிய பெரிய எழுத்துகள் அதில் இருந்து நான் பார்த்ததில்லை.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் குற்றாலத்தைக் காட்டுவேன். பேரருவியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. அவ்வளவுதான் விதி. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், தமிழ் தெரியாமல் புனலூரிலிருந்து வந்தவருக்கும் புரியும். பணியில் இருக்கும் காவலர் யாரோடும் வாதாட வேண்டியதில்லை, வளைவைக் கையால் காட்டினால் போதும். அழகுக்காகப் போட்ட எந்த அலங்கார வளைவாவது இப்படி ஓர் உயிரைக் காத்திருக்கிறதா?

இதற்கு நேர்மாறு நம் எச்சரிக்கைப் பலகைகள். "பலகை வெச்சாச்சு சார்" என்பார்கள், ஏதோ கடமை முடிந்துவிட்ட மாதிரி. ஆற்றங்கரை மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட தகரம். அதில் துறையின் பெயர், சட்டப்பிரிவு, அதிகாரியின் பதவி, எல்லாம் முடிந்து எட்டாவது வரியில் 'ஆழமான பகுதி'. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்ற அளவில் எழுத்து இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம், இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். முப்பதடி தள்ளி நிற்பவனுக்கு முக்கால் அங்குல எழுத்தில் எழுதிவிட்டு, "படிக்காமல் இறங்கிவிட்டான்" என்று இறந்தவன்மேல் பழி போடுகிறோம். பலகை இருக்க வேண்டிய இடம் தண்ணீரில் கால் வைக்கிற படி. வாகன நிறுத்தத்தில் வைத்தால் யார் கண்ணில் படும்? இரண்டு சொல், ஒரு படம், சிவப்பு நிறம், வருஷத்துக்கு ஒருமுறை மறுபூச்சு. இதற்கு ஆலோசகர்கூட வேண்டாம்.

இப்போது பொதுமக்கள் பங்கேற்பு. புதன்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சிக் கூட்ட அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம். பேனர், மைக், மிக்சர், டீ, குழுப் புகைப்படம். வருபவர்கள் ஒப்பந்ததாரரும் கவுன்சிலர்களின் சொந்தக்காரர்களும். அந்த இடத்தில் சுண்டல் விற்கிற அக்கா அந்த நேரத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு வருவாரா? வந்தாலும் தலைவர் மேடையில் இருக்கும்போது "கழிப்பறை இல்லாமல் தண்ணியே குடிக்காம இருக்கோம்" என்று மைக்கில் சொல்வாரா? அவரிடம் அவர் கடை வாசலில் நின்று கேட்க வேண்டும். அதற்கு மைக் தேவையில்லை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த ஓர் ஏரிக்கரை. ஊர்ப் பெயர் வேண்டாம். கரையைச் சுற்றி நடைபாதை, நெடுக எவர்சில்வர் கம்பி வேலி. திறப்புவிழா முடிந்து கொஞ்ச நாளிலேயே ஓரிடத்தில் மட்டும் இரண்டு கம்பிகளை அறுத்துவிட்டார்கள். திருட்டு என்று புகார் போயிற்று. வெல்டிங் வைத்தார்கள், மறுபடி அறுபட்டது. அங்கே போய்ப் பார்த்தால், அறுத்த கம்பி இரண்டும் பக்கத்துப் புதரில் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. திருடன் விட்டுவிட்டா போவான்? கீழே கரைச்சரிவில், மிதித்து மிதித்து மொழுமொழுவென்றான ஓர் ஒற்றையடித் தடம், நேராகத் தண்ணீருக்கு. மீன்பிடிக்கிறவர்கள் பரிசலைத் தூக்கிக்கொண்டு இறங்கும் வழி அது. அந்த இடத்தில் நாலடி இடைவெளி விட்டிருந்தால் போதும், கம்பிச் செலவும் குறைந்திருக்கும். இன்னொன்று, மாலையில் நடக்க வந்தவர்களில் பாதிப்பேர் பேவர் பிளாக்கை விட்டு ஓரத்து மண்ணில்தான் நடந்தார்கள். பகல் வெயிலை வாங்கிய கல் ஆறு மணிக்கும் சுட்டது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. இருந்த கருவேலங்களையும் 'அழகுபடுத்தும்' போது வெட்டிவிட்டார்கள்.

கேட்டுச் செய்தால் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மெரினாவில் அலைக்குப் பக்கம் வரை சக்கர நாற்காலியில் போக மரப்பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 2022 நவம்பர் கடைசியில் 263 மீட்டர் நீளத்தில் நிரந்தரப் பாதை வந்தது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. உடனே "காசு வேஸ்ட்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடற்கரையில் மரத்தில் கட்டினால் புயலில் அடிபடத்தான் செய்யும். அடிபட்டதும் சரிசெய்து மறுபடி திறந்தார்களே, அதுதான் செய்தி. பராமரிப்பையும் சேர்த்ததுதான் வடிவமைப்பு. நம் திட்ட மதிப்பீடுகளில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது.

மலையேற்றத்துக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் யூடியூபில் பார்த்த வழியில் காய்ந்த புல்வெளிக்குள் புகுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் முன்பதிவு, பழங்குடி மற்றும் காட்டையொட்டிய ஊர்களின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமனம். இதில் எனக்குக் குறைகள் தெரியும், பேச இது இடமில்லை. ஆனால் எந்தத் திசையில் காற்று திரும்பும் என்று தெரிந்த வழிகாட்டி உங்களோடு வருகிறார். அந்தப் பையனை "தம்பி, பேக்கைத் தூக்கிக்கோ" என்று வேலை வாங்குபவர்களையும் பார்க்கிறேன். அவர் சுமைக்காரர் இல்லை. அவர் திரும்பச் சொன்னால் திரும்புங்கள்.

கட்டடமே இல்லாத வடிவமைப்பும் உண்டு. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது. யானையின் காலைக் கிழித்த கண்ணாடிச் சில்லுக்கு 'காட்டைக் காப்போம்' சுவரோவியங்கள் செய்யாததை இந்தப் பத்து ரூபாய் செய்தது. எங்கள் தொழில்காரர்கள் யாருக்கும் இதில் பங்கில்லை, கொஞ்சம் பொறாமைதான்.

போகிறவர்களுக்கு. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து அருவியை நம்பாதீர்கள், மேலே மலையில் மழை பெய்கிறதா என்று உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். தண்ணீர் கலங்கினாலும் சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலும் வெளியே வாருங்கள். துண்டு, செருப்பு, போன், எல்லாம் அப்புறம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. சீசன்கூடத் தொடங்கவில்லை. பாசிப் பாறையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். மலைப்பாதையில் குறுக்குவழி போடாதீர்கள், அடுத்த மழைக்கு அது ஓடையாகிப் பாதையையே அரித்துவிடும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். மேலே குப்பைத்தொட்டி இல்லையே என்று கோபப்படாதீர்கள், குரங்கு கவிழ்க்கும் என்றுதான் வைக்கவில்லை, கொண்டுபோனதைக் கீழே கொண்டுவாருங்கள்.

ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் அருவிக்கோ ஏரிக்கோ திட்டம் வருகிறது என்றால் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். கழிப்பறையை யார் கழுவுவார்கள், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? தண்ணீர் ஏறினால் யார், எதைக் காட்டி எல்லாரையும் வெளியேற்றுவார்கள்? இதுவரை அங்கே பிழைத்தவர்களுக்குக் கடை போட இடம் வரைபடத்தில் எங்கே? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.