வெள்ளி ஏன் சீனாவுக்குப் போனது?

1600ஆம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ 12 பங்கு வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. சீனாவிலோ அதே தங்கம் 6 அல்லது 7 பங்கு வெள்ளிக்குக் கிடைத்தது. வெள்ளியைக் கிழக்கே கொண்டுபோய்த் தங்கமாக மாற்றி மேற்கே விற்றவரிடம், வழிச்செலவு நீங்கலாக, வெள்ளி கிட்டத்தட்ட இரட்டித்தது. பட்டுக்கும் பீங்கானுக்கும் விலையாகவே ஐரோப்பியர் வெள்ளியை அனுப்பினார்கள் என்பது பாதி விளக்கம்தான். விலை மலிந்த இடத்திலிருந்து விலை மிகுந்த இடத்துக்கு வெள்ளியே ஒரு சரக்காகவும் சென்றது.

சீனாவில் அதற்கு அவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. மிங் அரசு அச்சிட்ட காகிதப் பணம் 15ஆம் நூற்றாண்டில் மதிப்பிழந்தபோது மக்கள் வெள்ளிக்கு மாறினார்கள். 16ஆம் நூற்றாண்டில், தானியமாகவும் உழைப்பாகவும் செலுத்தப்பட்ட வரிகளை அரசும் படிப்படியாக வெள்ளியில் கேட்கத் தொடங்கியது. உள்நாட்டுச் சுரங்கங்கள் அந்தத் தேவைக்குப் போதவில்லை. ஜப்பானிய வெள்ளியைச் சீனக் கரையிலுள்ள மக்காவு வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள்; அமெரிக்க வெள்ளியின் ஒரு பகுதி மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கும், அங்கிருந்து சீன வணிகர் கைக்கும் போனது.

அமெரிக்க வெள்ளி மலிவாகக் கிடைத்ததற்குப் பாதரசம் முக்கியக் காரணம். இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் 1545இல் கண்டறியப்பட்ட செழிப்பான தாது குறைந்துவந்த வேளையில், 1570களில் புதிய முறை ஒன்று அங்கே வந்தது: பொடித்த தாதுவில் உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்தால் வெள்ளி பாதரசத்தோடு கலக்கும், அந்தக் கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி எஞ்சும். இதனால் தரம் குறைந்த தாதுவும் பயன்பட்டது. பெருவின் உவான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து பாதரசம் வந்தது. கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட பழங்குடியினரின் உடல்நலமும் உயிரும் இந்த மலிவு விலைக்கணக்கில் சேரவில்லை.

ஸ்பெயினில் 16ஆம் நூற்றாண்டில் விலைகள் மூன்று நான்கு மடங்கு ஏறின. பணம் மிகுந்தால் அதன் மதிப்பு குறையும் என்று ஸ்பெயினின் சலமாங்கா சிந்தனை மரபைச் சேர்ந்த இறையியல் அறிஞர் அஸ்பில்குவேட்டா 1556இலேயே எழுதினார். ஆயினும் வெள்ளி மட்டும் காரணம் என்றால் எல்லா விலைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் தானிய விலையோ கைத்தொழில் பொருள்களின் விலையைவிட வேகமாக ஏறியது. பெருகிய மக்கள்தொகையையும் கணக்கில் சேர்த்தால்தான் இது விளங்கும்.

வெள்ளி குவியக் குவியச் சீனாவிலும் அதன் மதிப்பு சரிந்து, 1640 வாக்கில் சீனா, ஸ்பெயின் இரண்டின் தங்க-வெள்ளி விகிதங்களும் நெருங்கிவிட்டன. சுரங்க வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக எடுத்துவந்த ஸ்பானிய முடியாட்சிக்கு அதே எடை வெள்ளி வரவர குறைவான படைவீரர்களையும் தானியத்தையுமே வாங்கித் தந்தது.