உங்கள் ஊர் ஊரணி யார் பொறுப்பில் இருக்கிறது?

ஊர்ப் பொதுக்குளமான ஊரணியில் குப்பை கொட்டுகிறார்கள், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரோ மண்ணடித்து மூடிவிட்டார்கள் என்று மனு எழுதுகிறவர்களில் பலர் முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்: இந்த நீர்நிலை யாருடையது? அது தெரியாமல் கொடுக்கும் மனு, ‘எங்கள் அலுவலகத்துக்கு வராது’ என்ற பதிலோடு மேசை மேசையாகச் சுற்றும்.

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத சீமை இது. வடகிழக்குப் பருவத்தில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் கோடையில் தண்ணீர். வீட்டு வளவு முற்றத்தில் இறங்கும் மழைநீர்கூடத் தெருக்கால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படிதான் இந்த ஊர்களை அமைத்தார்கள். வெட்டியவர் ஒருவர், படித்துறை கட்டியவர் இன்னொருவர், கோயில் பெயரில் எழுதி வைத்தவர் வேறொருவர் என்று ஒவ்வொரு ஊரணிக்கும் ஒரு கதை உண்டு. சட்டத்துக்குக் கதை வேண்டாம், பதிவேடு போதும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ பதிவேடு’ இருக்கும். புல எண் தெரிந்தால் அதன் விவரத்தைத் தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்திலேயே பார்க்கலாம். ‘ஊரணி’ புறம்போக்கு என்று இருந்தால் பராமரிப்பு பெரும்பாலும் கிராம ஊராட்சியின் வேலை. ‘கண்மாய்’ (பாசன ஏரி) என்றால் ஆயக்கட்டை, அதாவது அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பைப் பார்க்க வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கோயில் பெயரில் இருந்தால் அறநிலையத் துறையையோ அறங்காவலர்களையோ பார்க்க வேண்டும். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே வனத்துறையும் உண்டு. ஆக, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு நீர்நிலைகளுக்கு இரண்டு அலுவலகங்கள் என்பது இங்கே சாதாரணம்.

ஊராட்சிக்கு இந்தப் பொறுப்பு 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலிருந்து வருகிறது. தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, சுடுகாடு ஆகியவற்றோடு கிணறு, குளங்களைத் தோண்டுவதும் செப்பனிடுவதும் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் சேரும். ‘நிதி வந்தால் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் விருப்ப வேலை இல்லை. ஊராட்சிக்கு மேலே சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் போன்ற ஒன்றியங்கள், அதற்கும் மேலே மாவட்ட ஊராட்சி. மாவட்ட ஊராட்சிக்குத் திட்டமிடுவதும் ஆலோசனை சொல்வதும்தான் பெரும்பாலான வேலை. ஊரணி மனுவோடு அங்கே போய் நிற்பதில் பெரிய பயன் இருக்காது.

பணம்? 2025-26 வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த மானியத்தில் எண்பது பங்கு கிராம ஊராட்சிக்கு, பதினைந்து ஒன்றியத்துக்கு, ஐந்து மாவட்டத்துக்கு. எனவே அந்த ஆண்டுகளில் உங்கள் ஊரில் என்ன வேலை நடந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேட்கும் இடம் கிராம சபை. 2022-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஊரணி விஷயத்தை எடுக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் யாரும் கலந்துகொள்ளலாம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலே 300 பேர் வந்திருக்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் பாதி ஊர் இருக்கும் நம் பக்கத்தில் இந்த எண்ணிக்கை சேருவது கொஞ்சம் பாடுதான். நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வருகிறவர்கள் இந்த ஆறு தேதிகளில் ஒன்றையும் கணக்கில் வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

கூட்டத்தில் ‘ஊரணியைச் சுத்தம் பண்ணணும்’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். புல எண், எந்த இடத்தில் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது, என்ன வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்துபோனது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் நடந்து புதுத் தலைவர் வரும்வரை உங்கள் மனு போகவேண்டிய இடம் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். 155340 என்ற ‘ஊராட்சி மணி’ எண்ணிலும் புகார் பதியலாம்.

ஆக்கிரமிப்பு என்றால் ஊராட்சி மட்டும் போதாது. அளந்து, நோட்டீஸ் கொடுத்து, அகற்றும் அதிகாரம் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறையிடம் இருக்கிறது. நீர்வளத் துறைக் கண்மாய்களுக்குத் தனியாக 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனவே கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு வட்டாட்சியரைப் பாருங்கள். தூர்வாரும்போது கிடைக்கும் வண்டல் மண்ணை விவசாயத்துக்கோ மண்பாண்டத்துக்கோ எடுக்கவும் அவரிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் டிராக்டர் இறங்கினால் அது மணல் திருட்டு மாதிரியேதான்.

பேரூராட்சி, மாநகராட்சி ஊர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள். அங்கே செயல் அலுவலரிடம் போக வேண்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஊராட்சியாக இருந்த இடங்களில் கிராம சபை போய், வார்டு அளவில் பகுதி சபைதான் மிச்சம். ஊரணி அதே இடத்தில்தான் கிடக்கிறது, மனு போகும் முகவரி மாறிவிட்டது.

கடைசியாக நமக்கு நாமே திட்டம். செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் கட்டினால் மீதியை அரசு தரும். செட்டிநாட்டில் நன்கொடைக்குப் பஞ்சம் இல்லை என்பதால் இது நமக்கென்றே போட்ட திட்டம் மாதிரிதான். ஆனால் நன்கொடை வந்தால் சுற்றுச்சுவர், நடைபாதை, பெயர்ப்பலகை என்றுதான் நம் ஆட்களுக்கு மனம் போகிறது. சுவர் பளிச்சென்று நிற்கும், உள்ளே தண்ணீர் வராது. பணம் கட்டுவதற்கு முன்பு ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீட்டை வாங்கிப் பாருங்கள். அதில் வரத்துக்கால் தூர்வாரலும், மிகுநீர் வழியும் கலுங்கின் சீரமைப்பும் இல்லையென்றால், அவற்றைச் சேர்த்த பிறகு பணம் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.